அண்ணன் முதுகில் இரண்டாவது ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அண்ணனுக்கு வயது 36. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இனிப்பு நீர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். பத்து நாளாகத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. பனடோல் எதுவும் கேட்கவில்லை. சட்டை உரசினாலே தோள் எரிகிறது என்றார். காய்ச்சல் பெரிதாக இல்லை. கிளினிக்கில் இரண்டு தடவை ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஸ்கேன் எடுக்க நான்கு மணி நேரம் காக்க வைத்து, கட்டி எதுவும் இல்லை என்று சொல்லி, அப்புறம்தான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையில் ஒட்டுண்ணி என்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று போட்டிருக்கிறது. ஆறு நாளாக மருந்து கொடுத்தும் நேற்று தலைவலி மறுபடி கூடிவிட்டதால், இன்னொரு முறை நீர் எடுக்க வேண்டுமாம். இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும் என்று அம்மா அழுகிறார். அண்ணன் அம்மா பேச்சைத் தட்டமாட்டார். பூச்சி மருந்தை இரண்டு மடங்கு கொடுத்தால் போதும் என்று மாமா வாங்கியே வந்துவிட்டார். மூளை நீரிலும் சர்க்கரை ஏறிவிட்டது என்றும் அவர்தான் சொல்கிறார். வீட்டில் இரண்டு குழந்தைகள், தொற்றுமா? தலைவலிக்கு இரண்டு வாரம் முன்னால் கூட்டாளிகளோடு உடும்பு ஈரலைப் பச்சையாகச் சாப்பிட்டதாக இப்போதுதான் வாய் திறக்கிறார். ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தங்கை, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை நீர் எடுக்க அண்ணனைச் சம்மதிக்கச் சொல்லுங்கள். மாமா வாங்கி வந்த பூச்சி மருந்தை நீங்கள் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஓரம் கொஞ்சம் மங்கல். ஆனால் வேண்டிய எண்கள் தெரிகின்றன. அழுத்தம் 31 சென்டிமீட்டர். வெள்ளணு 620. அதில் ஒட்டுண்ணி வந்தால் கூடுகிற இயோசினோபில் என்ற வகை 42 விழுக்காடு. புரதம் லிட்டருக்கு 0.92 கிராம். சர்க்கரை மில்லிமோல் கணக்கில் 4.7, அதே நேரம் எடுத்த இரத்தத்தில் 9.1. கடைசி வரியில்தான் உங்களைக் குழப்பிய ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மூளைக்குள் புழு போனால் நீரில் புழு நெளியும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பது அபூர்வம். புழு மூளைத் திசுவிலும் அதை மூடியிருக்கும் சவ்விலும் இருக்கும். நாம் எடுப்பதோ இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் 10 மில்லி போல. ஆற்றில் முதலை இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீரில் தேட முடியுமா? கரையில் கால் தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் அண்ணன் ரிப்போர்ட்டில் கால் தடம் நன்றாகவே பதிந்திருக்கிறது. இயோசினோபில் 42 என்பதுதான் அது.

நல்ல ஆளின் தண்டுவட நீர் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு ஐந்துக்கு மேல் இருக்காது. இயோசினோபில் அங்கே இருக்கவே கூடாது. பத்து இருந்தாலோ, வெள்ளணுக்களில் பத்து விழுக்காடு அதுவாக இருந்தாலோ, இயோசினோபில் மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்துவிடுவோம். உங்கள் அண்ணனுக்கு 620இல் 42 விழுக்காடு, கணக்குப் போட்டால் 260. சந்தேகத்துக்கு இடமில்லை. சில பூஞ்சைகள், சில மருந்துகள், மூளையில் வைத்த குழாய் போன்றவையும் இந்த அணுவைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் தென்கிழக்காசியாவில், பச்சை உடும்பு தின்ற ஓர் ஆளுக்கு, முதலில் சந்தேகப்பட வேண்டியது எலி நுரையீரல் புழுவைத்தான்.

இந்த அணுவை நுண்நோக்கியில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கரு இரண்டு பிரிவாக, மூக்குக் கண்ணாடி போல இருக்கும். அதைச் சுற்றி, நன்றாகப் பழுத்த செம்பனைப் பழத்தின் நிறத்தில் பொடிப்பொடியாக மணிகள். ஆனால் கறை, அதாவது சாயம், போட்டுப் பார்த்தால்தான் அந்த நிறம் வரும். கறை போடாமல் வெறுமனே எண்ணினால் பாக்டீரியாவோடு சண்டை போடும் நியூட்ரோபில் மாதிரியே தெரியும். இதில் நான் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலம், ஒரு மாவட்ட மருத்துவமனை. தோட்டத்துப் பையன் ஒருவனுடைய நீரில் அணு 500க்கு மேல் என்று தாள் வந்தது. என்ன அணு என்று கேட்கத் தோன்றவில்லை. பாக்டீரியா என்று முடிவு கட்டி மூன்று நாள் ஆன்டிபயோடிக் ஏற்றினேன். நாலாம் நாள் மூத்த மருத்துவர் வந்து, “கறை போட்டாங்களா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். போடவில்லை. போட்டுப் பார்த்தால் பாதிக்குப் பாதி இயோசினோபில். பையன் பிழைத்துக்கொண்டான். எனக்குத்தான் அந்த மூன்று நாள் இன்னும் உறுத்துகிறது. உங்கள் அண்ணனுக்கு அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தில் யாரோ ஒருவர் கண்ணாடித் துண்டை வைத்து உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

சரி, இந்தப் புழு எங்கிருந்து வந்தது? மலாயில் ‘சிப்புட்’ என்றால் நத்தை; நம் ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது பாருங்கள். இந்தக் கதையிலும் நத்தைதான் நடுவில் நிற்கிறது. புழு குடியிருப்பது எலியின் நுரையீரல் இரத்தக் குழாயில். 1935இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில்தான் இதை முதலில் விவரித்தார்கள். அதனால் அதன் அறிவியல் பெயரிலும் கான்டன் ஒட்டிக்கொண்டது. எலிப் புழுக்கையில் குஞ்சுப் புழு வெளியே வரும். நத்தையும் ஓடில்லாத அட்டை நத்தையும் அந்தப் புழுக்கையை மேயும். நத்தையை மறுபடி எலி தின்னும். எலிக்கும் நத்தைக்கும் நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கலில் நமக்கு இடமே இல்லை. எலியைப் பிடிக்கவென்று ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிற செம்பனைத் தோட்டங்களில் எலிக்கும் பஞ்சமில்லை, மழை விட்டதும் சுவரில் ஊர்கிற நத்தைக்கும் பஞ்சமில்லை. நத்தையைத் தின்ற உடும்பு, தவளை, நண்டு, இறாலுக்குள்ளும் குஞ்சுப் புழு உயிரோடு காத்திருக்கும். அதை வேகாமல் தின்றால் நம் வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய்விடும். எலிக்குள்ளே மூளையில் கொஞ்சம் வளர்ந்துவிட்டு நுரையீரலுக்குக் கிளம்பும். நமக்குள்ளே பெரும்பாலும் மூளையோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. அங்கேயே செத்துப் போகும்.

சாகிறதே, நல்லதுதானே என்பீர்கள். வில்லங்கமே அங்கேதான். உயிரோடு இருக்கும்போது செய்கிற தொந்தரவை விட, செத்து அழுகும்போது உடம்பு காட்டுகிற எதிர்ப்பு பெரிது. அந்த எதிர்ப்புதான் வீக்கம், தலைவலி, தோல் எரிச்சல், 42 விழுக்காடு எல்லாம். மாமாவின் யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான். அல்பெண்டசோல் என்கிற பூச்சி மருந்தைத் தானாக, அதுவும் இரட்டிப்பாகக் கொடுத்து இருக்கிற புழுவை எல்லாம் ஒரே நாளில் கொன்றால் மூளைக்குள் வீக்கம் எகிறலாம். அந்த மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில மருத்துவர்கள் வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பார்கள், சிலர் கொடுக்க மாட்டார்கள். உலகம் முழுக்க அதில் இரண்டு கட்சி உண்டு. அதை வார்டில் முடிவு செய்யட்டும், வீட்டு வாசலில் வேண்டாம்.

இப்போது கொடுப்பது பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு என்று மருந்துச் சீட்டில் தெரிகிறது. சரியான மருந்து. தாய்லாந்தில் இந்த நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தலைவலி நடுத்தரமாக 5 நாளில் அடங்கியது, எடுக்காதவர்களுக்கு 13 நாள். ஆனால் இது இரத்தச் சர்க்கரையை நன்றாக ஏற்றிவிடும். அண்ணனுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர். இந்த இரண்டு வாரமும் தினம் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தெம்புக்கு என்று யாராவது மைலோ கலக்கிக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள். சர்க்கரை ஏறுகிறதே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரைப் பேச்சு வந்ததால் மாமாவின் இன்னொரு கவலையையும் தீர்த்துவிடுகிறேன். தண்டுவட நீரில் சர்க்கரை இருப்பது வியாதி இல்லை. எல்லாருக்கும் இருக்கும். இரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அங்கே இருக்கும். அண்ணனுக்கு 9.1க்கு 4.7, பாதிக்கு மேல். இரத்தச் சர்க்கரை கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த விகிதம் கொஞ்சம் இறங்குவது வழக்கம், அதனால் எனக்கு இது திருப்தியான எண். நாங்கள் பயப்படுவது அது ஏறினால் அல்ல, விழுந்தால். பாக்டீரியா மூளைக்காய்ச்சலிலும் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அது விழும். காசநோய் நம் நாட்டில் இன்னும் போய்விடவில்லை என்பதால் அதற்கும் சோதனை அனுப்பியிருப்பார்கள். காசநோயில் பொதுவாக லிம்போசைட் என்ற வெள்ளணு கூடும், புரதம் இதைவிட அதிகமாக ஏறும். புரதம் 0.45க்குள் இருக்க வேண்டியது, அண்ணனுக்கு இரண்டு மடங்கு. எலிப் புழுவுக்கு இது பொருந்துகிறது.

ஒட்டுண்ணி என்றாலே நீர் ஒரே மாதிரி மாறும் என்றும் நினைக்க வேண்டாம். பன்றி நாடாப்புழுவின் கட்டி மூளைத் திசுவுக்குள் அடங்கிக் கிடந்தால் நீர் அப்பழுக்கில்லாமல் இருக்கலாம், ஸ்கேன்தான் காட்டிக் கொடுக்கும். மலேரியா மூளையைத் தாக்கி ஆள் நினைவில்லாமல் கிடந்தாலும் நீர் பெரும்பாலும் சுத்தம்; அதை இரத்தத்தில் தேட வேண்டும். வெதுவெதுப்பான குளத்து நீர் மூக்கில் ஏறி வருகிற அமீபாவோ, அச்சு அசலாக பாக்டீரியா வேஷம் போடும்: நியூட்ரோபில் குவியும், சர்க்கரை விழும், சுடச்சுட எடுத்த நீரை உடனே பார்த்தால் அமீபா ஊர்வதையே காணலாம். நீரை மட்டும் பார்த்துச் சொல்கிற சோதிடம் இல்லை இது. என்ன சாப்பிட்டார், எங்கே குளித்தார், என்றைக்கு வலி ஆரம்பித்தது என்ற கதை கூடவே வர வேண்டும். உடும்பு விஷயத்தை அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒற்றைத் தலைவலி மாத்திரை இரண்டு தடவை வீணாகியிருக்காது. வார்டில் இதைச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். உடும்பு பிடிப்பதில் சட்டச் சிக்கல் உண்டுதான். ஆனால் மருத்துவர் போலீஸ் இல்லை.

இனி அம்மாவின் பயம். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று தோட்டத்து லயத்தில் பேசிக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பலருக்குக் காலை விழ வைத்தது ஊசி போடக் காரணமாக இருந்த வியாதிதான். பழி ஊசி மேல் விழுந்தது.

அம்மாவை உட்கார வைத்து, அவர் இடுப்பு எலும்பின் இரண்டு மேல் விளிம்பிலும் கை வைத்துக் காட்டுங்கள். இரண்டு கையின் கட்டை விரலும் முதுகின் நடுவில் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஊசி போகிறது. தண்டுவடம் அதற்குச் சில விரல் அகலம் மேலேயே முடிந்துவிடும், முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில். கீழே இருப்பது குதிரை வால் மாதிரி தொங்குகிற நரம்பு இழைகள். அவை நீரில் மிதப்பதால் ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக் கொடுக்கும். எப்போதாவது ஒன்றில் பட்டால் காலில் சுரீர் என்று ஒரு இழுப்பு வரும், ஊசியைச் சற்றுத் திருப்பியதும் போய்விடும். ஜெர்மன் மருத்துவர் குயின்கே 1891இல் இந்த முறையைக் கொண்டுவந்ததே, மூளையில் அழுத்தம் கூடியவர்களுக்கு அதைக் குறைக்கத்தான்.

உங்கள் அண்ணனுக்கு இரண்டாவது ஊசியும் அதற்குத்தான். முதல் ஊசி வியாதியைக் கண்டுபிடிக்க, இது வலியைக் குறைக்க. அழுத்தம் 20 சென்டிமீட்டருக்குள், போனால் 25க்குள் இருக்க வேண்டியது. அண்ணனுக்கு 31. ஊசியில் ஒரு கண்ணாடிக் குழாயை நிற்க வைப்பார்கள். நீர் அதில் மெல்ல மெல்ல ஏறி, மூச்சுக்கு ஏற்ப லேசாக ஆடிக்கொண்டு நிற்கும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அழுத்தம். அப்புறம் சொட்டு சொட்டாகச் சின்ன போத்தல்களில் பிடிப்பார்கள். இந்த நோயில் நீர் பல சமயம் லேசாகக் கலங்கி, இளநீர் நிறத்தில் வரும். போதுமான நீர் வெளியேறியதும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்த ஆள் அதே மேசையில், “கொஞ்சம் லேசா இருக்கு டாக்டர்” என்று சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அதற்காகவே சிலருக்குச் சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி எடுப்பதும் உண்டு.

எடுத்த நீர் குறைந்து போகுமே என்றால், குறையாது. பெரியவர்களுக்கு எந்த நேரமும் 150 மில்லி போல இருக்கும். ஒரு நாளைக்கு 500 மில்லி போல ஊறுகிறது. 10 மில்லி எடுத்தால் அரை மணி நேரத்தில் ஊறிவிடும்.

அந்த நான்கு மணி நேரக் காத்திருப்பு உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் அது வீண் இல்லை. மூளையில் பெரிய கட்டியோ அடைப்போ இருந்து, அது தெரியாமல் கீழே நீரைத் திறந்துவிட்டால் மூளை கீழ்நோக்கி நெரிபட்டு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் இப்படிப்பட்ட ஆளுக்கு முதலில் ஸ்கேன். அண்ணன் ஸ்கேனில் கட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் ஸ்கேன் சாதாரணமாக இருப்பதும் வழக்கம்தான். வலி மறுபடி கூடியிருப்பதால் பழைய ஸ்கேன் போதுமா, புதிதாக வேண்டுமா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு ஒரு தலைவலி வரலாம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுந்து உட்கார்ந்தால் பிளக்கிறது, படுத்தால் சட்டென்று குறைகிறது என்றால் அது ஊசியால் வந்தது, சில நாளில் போய்விடும். படுத்தாலும் விடாத வலி, வாந்தி என்றால் பழைய அழுத்தம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கண்ணுக்குள் ஏதோ நகர்வது போலத் தோன்றுவது, தூக்கம் கலையாமல் மயங்கிக் கிடப்பது, வலிப்பு, சிறுநீர் வராமல் அடைப்பது, இதில் எது நடந்தாலும் நர்ஸை உடனே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இரண்டாவது ரிப்போர்ட்டில் இயோசினோபில் 42இலிருந்து 50 ஆனால் பதறாதீர்கள். விழுக்காட்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மொத்த அணு 620இலிருந்து 300 ஆகியிருந்தால் ஐம்பது விழுக்காடு என்றாலும் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கிறது. இந்த அணுக்கள் முழுக்க வடிய வாரக்கணக்கு ஆகும். தோல் எரிச்சலும் கொஞ்ச நாள் இழுக்கலாம். பெரும்பாலானவர்கள் முழுதாகவே குணமாகிறார்கள்.

குழந்தைகளுக்குத் தொற்றாது. ஆளிடமிருந்து ஆளுக்கு இது போகவே போகாது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வீட்டுக் கொல்லையை. வல்லாரையைப் பறித்து அப்படியே உலாமாக, அதாவது பச்சையாகத் தொட்டுக்கொள்ள, வைப்பது நம் பக்கம் சகஜம். பொடி நத்தை ஒன்று இலை மடிப்பில் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஓர் இலை ஓர் இலையாக ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். குழந்தைகளுக்கு என்றால் கொஞ்ச நாளைக்குச் சமைத்தே கொடுங்கள். நத்தையைக் கையில் பிடித்து விளையாடினால் கை கழுவ வையுங்கள். உடும்பு ஈரலைச் சாராயத்தோடு விழுங்கினால் கிருமி செத்துவிடும் என்று அண்ணனின் கூட்டாளிகள் சொல்லியிருப்பார்கள். வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை நத்தைக் கறியில் எலுமிச்சையும் மிளகாயும் போட்டு, மதுவுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். இந்த நோய் மிகுதியாக வருகிற இடங்களில் அதுவும் ஒன்று. கொதிக்கிற சட்டி ஒன்றுதான் இதற்குப் பதில். கேரளத்திலும் இலங்கையிலும் உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டு இதே நோயோடு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு முழு உடும்பை அண்ணன் தனியாகத் தின்றிருக்க மாட்டார். அன்று கூட இருந்தவர்கள் யார் யார் என்று அவரிடம் கேளுங்கள். இந்த நோய் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரத்தில் தலை காட்டும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். அவர்களில் யாராவது தலைவலி என்று பனடோல் விழுங்கிக்கொண்டு குலை வெட்டப் போய்க்கொண்டிருந்தால், அண்ணனுடைய இந்தத் தாளின் நகலைக் கையில் கொடுத்து நாளைக் காலையே கிளினிக்குக்கு அனுப்புங்கள். உள்ளே போனதும் முதலில் உடும்பைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், தலைவலியைப் பற்றி அப்புறம் சொல்லட்டும்.